சோபாவில் உறங்குபவரையும் நினைத்துப் பார்ப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உறக்கம் குறித்து நாளிதழ்களில் வரும் கட்டுரைகளை நான் விடாமல் படித்துவருபவன். மெத்தையின் கனம், தலையணையின் உயரம், அறையின் இருள், படுக்கும் நேரம் என்று பலவும் அவற்றில் விரிவாகப் பேசப்படுகின்றன. ஆனால் கட்டில் கிடைக்காமல் கூடத்துச் சோபாவில் இரவைக் கழிக்க நேர்பவர்களுக்காக எழுதப்பட்ட ஒரு பத்தியைக்கூட இதுவரை நான் கண்டதில்லை. அப்படிப்பட்டவர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் அல்லர். நோயாளியின் குரல் எட்டும் தொலைவில் இருக்க வேண்டியவர், முன்னறிவிப்பின்றி வந்து தங்கும் உறவினர், துணைவரின் குறட்டை தாங்காமல் நள்ளிரவில் எழுந்து வருபவர், முதியவருக்குக் கட்டிலை விட்டுக்கொடுத்த இளையவர் என்று ஏதோ ஒரு வகையில் ஒவ்வொரு வீட்டிலும் அவர் இருக்கிறார். பெரும்பாலும் அவர் பிறருக்காக இடம் விட்டவராகவே இருக்கிறார். அவருக்கு ஒரு போர்வையை நீட்டி, "ஒரு ராத்திரிதானே" என்று சொல்லி நாம் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

என் தந்தையாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை நடந்தபின், அவரது அறைக்கு வெளியே கூடத்தில் இருந்த மூன்று பேர் அமரும் சோபாவில் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் நான் படுத்து எழுந்தேன். முதல் வாரம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இரண்டாம் வாரம் ஒரு நாள் காலையில் வலது கை மரத்துப்போய், தண்ணீர்க் குவளையைத் தூக்க முடியாமல் கீழே போட்டேன். அதன் பிறகுதான், இது என் உடம்பின் குறையன்று, படுத்த விதத்தின் குறை என்பது புரிந்து, ஒவ்வொன்றாகச் சரிசெய்யத் தொடங்கினேன். கடைசி இரண்டு மாதங்கள் அதே சோபாவில் நிம்மதியாக உறங்கினேன். அந்த அனுபவமும், அதன் காரணமாக நான் தேடிப் படித்தவையும் பிறருக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு நீண்ட கடிதத்தை எழுதத் துணிகிறேன்.

சோபா உட்காருவதற்காகச் செய்யப்படுவது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு காரணத்திலிருந்து எத்தனை தொல்லைகள் கிளைக்கின்றன என்பதைத்தான் நாம் யோசிப்பதில்லை. உட்காருபவர் முன்பக்கம் சரிந்துவிடாமல் இருக்க, அமரும் பரப்பைப் பின்பக்கமாகச் சற்றே தாழ்த்திச் செய்திருப்பார்கள். அதில் நீளவாக்கில் படுத்தால் இரவு முழுவதும் உடல் சாய்மானத்தை நோக்கி உருண்டுகொண்டே இருக்கும், அதைத் தடுக்க முதுகுத் தசைகள் உறக்கத்திலும் இறுகியிருக்கும். அமரும் பரப்பின் அகலம் பெரும்பாலான சோபாக்களில் 50 முதல் 60 சென்டிமீட்டர்தான். ஒருவர் படுக்கும் சாதாரணக் கட்டிலோ 90 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. கைப்பிடிகள் அமரும் பரப்புக்கு மேல் 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை உயர்ந்து நிற்கும், அது முழங்கையை ஊன்றுவதற்கான உயரமே தவிரத் தலையைச் சாய்ப்பதற்கான உயரமன்று. போதாக்குறைக்கு, நாம் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஃபோம் ஆண்டுக்கணக்கில் அழுந்திப் பள்ளமாகியிருக்கும். படுக்கும்போது உடலின் மிகக் கனமான பகுதியான இடுப்பு அந்தப் பள்ளத்தில்தான் போய் இறங்கும்.

இவற்றில் எதுவும் தீராத குறையன்று. முதலில் செய்ய வேண்டியது, கழற்றக்கூடிய முதுகுத் திண்டுகளைக் கழற்றி எடுத்துவிடுவது. இதை மட்டும் செய்தாலே 15 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலம் கூடுதலாகக் கிடைக்கும், தோளை மடக்காமல் மல்லாந்து படுக்கவும் இயலும். நான் இரண்டு மாதம் கழித்தே இதைக் கண்டுபிடித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் வருந்துகிறது. அடுத்து, அமரும் திண்டுகளைத் தூக்கி, அவற்றின் அடியில் பின்புற ஓரமாக, நீளவாக்கில் மடித்த துண்டு ஒன்றையோ இரண்டையோ வைத்தால் பின்சரிவு மட்டப்படும். எத்தனை மடிப்பு வேண்டும் என்பதை மேலே படுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முதுகு தானாகப் பின்னால் உருளாத நிலை வந்துவிட்டால் போதும். திண்டுகளுக்கு அடியில் உள்ள பட்டைகளோ சுருள்களோ தளர்ந்து தொய்ந்திருந்தால், அளவாக வெட்டிய ஒட்டுப்பலகை ஒன்றை இடையில் வைப்பது பெரிய மாற்றத்தைத் தரும். பள்ளம் விழுந்த திண்டை ஓரத்திற்கு மாற்றி, அதிகம் பயன்படாத கெட்டியான திண்டை நடுவே, அதாவது இடுப்பு வரும் இடத்தில் போடுவதற்குக் காசு எதுவும் செலவாகாது.

இரண்டு திண்டுகள் சேரும் இடத்தில் உள்ள இடைவெளி பகலில் கண்ணுக்கே தெரியாது. இரவில் அது விலாவில் உறுத்தும். கனமான போர்வையை நீளவாக்கில் இரண்டாக மடித்துச் சோபா முழுமைக்கும் விரித்து, அதன்மேல் பருத்தி விரிப்பைப் போட்டு, விரிப்பின் ஓரங்களைத் திண்டுகளுக்கு அடியில் நன்றாகச் செருகிவிட வேண்டும். அப்படிச் செருகாத விரிப்பு நள்ளிரவுக்குள் கயிறாகத் திரண்டு முதுகுக்கு அடியில் கிடக்கும். அடிக்கடி சோபாவில் படுக்க வேண்டியிருந்தால், சுருட்டி வைக்கக்கூடிய ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள மேல்மெத்தை ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. தோல் அல்லது ரெக்சின் உறை போட்ட சோபாவில் பருத்தி விரிப்பு இன்றியமையாதது. உறக்கம் வரும் வேளையில் உடலின் உள்வெப்பம் இயல்பாகவே தணியத் தொடங்குகிறது, அந்த வெப்பம் நம் சருமத்தின் வழியாக வெளியேற வேண்டும். வியர்வையை உறிஞ்சாத உறை அதற்குத் தடையாக நிற்பதால்தான் அத்தகைய சோபாவில் படுத்தவர் ஈரம் ஒட்டிய முதுகோடு விழித்தெழுகிறார்.

தலையணை குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சோபாவில் உறங்கியவர்களின் காலைநேரக் கழுத்துவலிக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். கைப்பிடியைத் தலையணையாகக் கொள்ளவே கூடாது. அதில் தலை சாய்த்தால் தாடை நெஞ்சை நோக்கி மடங்கும்; கழுத்து எலும்புகள் ஏழும் அந்த வளைவிலேயே மணிக்கணக்கில் நிற்கும், தொண்டையின் மூச்சுவழியும் குறுகும். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தலையணை, தோளின் வெளிவிளிம்புக்கும் காதுக்கும் இடையே உள்ள இடைவெளியை நிரப்ப வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு அது ஏறத்தாழ 10 முதல் 15 சென்டிமீட்டர். மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடத் தாழ்வானது போதும். படுக்கையறையில் பயன்படுத்தும் தலையணையையே எடுத்துவந்து, கைப்பிடிக்கு உட்புறமாக, அமரும் பரப்பின்மேல் வைத்துக்கொள்ள வேண்டும். சோபாவை அழகுபடுத்தும் சதுரத் திண்டுகள் தலைக்கு உதவா. ஆனால் ஒருக்களித்துப் படுக்கும்போது இரு முழங்கால்களுக்கும் இடையில் அவற்றில் ஒன்றை வைத்தால் இடுப்பு முறுக்கிக்கொள்ளாது. மல்லாந்து படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் வைத்தால் கீழ்முதுகின் இறுக்கம் தளரும்.

கட்டிலில் இல்லாத ஒரு வசதியும் சோபாவில் உண்டு. சாய்மானத்தில் முதுகு படும்படி ஒருக்களித்துப் படுத்தால், உறக்கத்தில் உடல் பின்னால் சரியாது. ஆனால் தலைவைக்கும் முனையை மாற்றாத வரை, இவ்வாறு ஒரே பக்கமாகத்தான் படுக்க இயலும். ஆகவே தொடர்ந்து பல இரவுகள் படுப்பவர் தலைமாட்டையும் கால்மாட்டையும் நாள்விட்டு நாள் மாற்றிக்கொண்டால் ஒரே தோளில் பாரம் விழாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இடப்பக்கமாகப் படுப்பது நல்லது என்பதை அறிவோம். சோபாவுக்கு எதிரே நின்று பார்க்கும்போது நம் வலக்கைப் பக்கம் வரும் முனையில் தலையை வைத்துச் சாய்மானத்தில் முதுகைக் கொடுத்தால், அவர்களுக்கு அந்த நிலை தானாகவே அமைந்துவிடும்.

என் கை மரத்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். நாற்காலியின் அல்லது சோபாவின் விளிம்பில் கையைத் தொங்கவிட்டு ஆழ்ந்து உறங்கும்போது, மேற்கை எலும்பை ஒட்டி ஓடும் ஆர நரம்பு அழுந்தி, மணிக்கட்டையும் விரல்களையும் தூக்க முடியாத நிலை உண்டாகலாம். ஆங்கிலத்தில் இதற்குச் 'சனிக்கிழமை இரவு வாதம்' என்ற பொருளில் பெயரே உண்டு. மது அருந்திவிட்டு நாற்காலியில் உறங்கிவிடுபவர்களிடம் அதிகம் காணப்பட்டதால் வந்த பெயர் அது. சாதாரண உறக்கத்தில் கை வலிக்கத் தொடங்கியதும் நாம் நம்மை அறியாமலே புரண்டுவிடுகிறோம். மதுவோ தூக்க மாத்திரையோ அந்த இயல்பை மழுங்கடித்துவிடும், அளவுக்கு மீறிய களைப்பும் சில வேளைகளில் அதையே செய்யும். என் கை அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. சிலருக்கு இது சரியாக வாரங்களும் மாதங்களும்கூட ஆகும் என்பதால், உணர்ச்சி திரும்பாமல் மணிக்கட்டு தொங்கினால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கீழே அகப்படும் கையை உடலுக்கு அடியில் விடாமல் முன்பக்கமாக நீட்டிக்கொள்வதும், கைப்பிடிக்கு வெளியே எதையும் தொங்கவிடாமல் இருப்பதும் போதுமான காப்பு.

விருந்தினராக வந்து சோபாவில் படுத்தவர் மறுநாள் காலையில் "சரியாகத் தூங்கவில்லை" என்று சொன்னால், அவரை நொந்துகொள்பவர்களும் உண்டு. புதிய இடத்தில் முதல் இரவு உறக்கம் கெடுவதை 1966-ஆம் ஆண்டிலேயே மூளையின் மின் அலைப் பதிவுகளைக் கொண்டு ஆய்வாளர்கள் விவரித்து, அதற்கு 'முதல் இரவு விளைவு' என்று பெயரிட்டார்கள். 2016-இல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி சென்று, அந்த முதல் இரவின் ஆழ்ந்த உறக்கத்தில் மூளையின் இரு பாதிகளும் ஒரே அளவில் உறங்குவதில்லை, இடப்பாதி சற்று விழிப்போடு இருந்து வழக்கத்திற்கு மாறான ஒலிகளுக்கு எளிதில் எதிர்வினை காட்டுகிறது என்று கண்டறிந்தார்கள். ஆகவே விருந்தினரின் மூளை நம் கூடத்தில் காவல் காத்துக்கொண்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். குளிர்பதனப் பெட்டி எழுப்பும் ஒலி, கடிகாரத்தின் துடிப்பு, குழாய்ச் சொட்டு என்று நமக்குப் பழகிப்போன ஒவ்வொன்றும் அவருக்குப் புதிது. எந்த ஒலி எங்கிருந்து வரும், கழிவறை எங்கே, விளக்கின் விசை எது என்று படுக்கும் முன்னரே சொல்லிக் காட்டிவிடுவது உபசாரத்தின் ஒரு பகுதி என்று நான் கருதுகிறேன்.

என் அனுபவத்தில் சோபாவை விடக் கூடம்தான் உறக்கத்தை அதிகம் கெடுத்தது. கூடம் எல்லாருக்கும் பொது. தொலைக்காட்சி அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் குடிக்கப் போகிறவரும் வெளியிலிருந்து தாமதமாக வருகிறவரும் அவ்வழியாகத்தான் நடக்கிறார்கள். அங்கே படுப்பவர் வீட்டில் கடைசியாகக் கண்ணயர்ந்து முதலில் விழிக்க வேண்டியவராகிறார். அவருக்குக் கிடைக்கும் உறக்கம் மற்றவர்களைவிட இரண்டு மணி நேரம் குறைந்தாலும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. வீட்டார் கூடி, இத்தனை மணிக்குக் கூடத்தின் விளக்கும் தொலைக்காட்சியும் அணைக்கப்படும், காலையில் இத்தனை மணிக்கு முன் யாரும் அங்கே பேச மாட்டோம் என்று ஒரு முடிவுக்கு வருவதுதான் எல்லா மெத்தைகளையும் விடப் பெரிய உதவி. எங்கள் வீட்டில் அந்த முடிவை எடுக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று, கேட்பதற்குத் தயங்கியதால். தனியே இருப்பவர்களும் தொலைக்காட்சியை ஓடவிட்டபடி சோபாவில் உறங்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். திரையின் நீலம் கலந்த ஒளி, உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது, ஒலியின் ஏற்ற இறக்கம் உறக்கத்தைத் துண்டாடுகிறது. அணைக்க மனமில்லை என்றால், தானாக அணையும் நேரத்தையாவது குறித்து வைக்கலாம்.

சோபாவின் அருகே கண்ணாடி டீப்பாய் இருந்தால் அதை நகர்த்தி வைத்துவிட்டுப் படுப்பது நல்லது, குறுகிய இடத்தில் உருண்டு விழ வாய்ப்பு அதிகம். கைப்பேசியைத் தலையணைக்கு அடியிலோ திண்டுகளுக்கு இடையிலோ மின்னேற்றியபடி வைக்கவே கூடாது. வெளியேற வழியில்லாத வெப்பம் ஃபோமைப் பற்றவைக்கக் கூடும்.

இனி எழுதப்போவதை மட்டுமாவது தாங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கைக்குழந்தையோடு சோபாவில் உறங்குவது உயிராபத்தானது. இரவில் பால் கொடுக்க எழுந்த தாயோ, அழும் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிய தந்தையோ களைப்பில் அப்படியே சோபாவில் கண்ணயர்ந்துவிடுவது அன்றாடம் நடப்பது. அதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் சாய்மானத்துக்கும் பெரியவரின் உடலுக்கும் இடையே, அல்லது திண்டுகளின் இடைவெளியில், குழந்தையின் முகம் புதைந்துவிட்டால் அதனால் தலையைத் திருப்பிக்கொள்ள இயலாது, குரல் எழுப்பவும் இயலாது. அமெரிக்காவின் 24 மாநிலங்களில் 2004 முதல் 2012 வரை உறக்கத்தில் நேர்ந்த 7,934 குழந்தை மரணங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, அவற்றில் 1,024 மரணங்கள் சோபாவில் நேர்ந்தவை என்று காட்டியது. சோபாவிலோ மெத்தென்ற சாய்வு நாற்காலியிலோ பெரியவரோடு குழந்தை உறங்கினால் மரண ஆபத்து 67 மடங்கு வரை உயரக்கூடும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-இல் எச்சரித்துள்ளது. இதற்கு எந்தத் திண்டும் விரிப்பும் மாற்றாகாது. பால் கொடுக்கும்போது கண் சொக்குகிறது என்று உணர்ந்த உடனே, அருகில் உள்ள யாரையாவது எழுப்பிக் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். யாரும் இல்லையென்றால், சோபாவை விட்டு எழுந்து, குழந்தையை அதற்குரிய தட்டையான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட வேண்டும்.

வேறு சிலருக்கும் சோபா ஏற்றதன்று. உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் உள்ளவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், தாழ்வான இருக்கையிலிருந்து எழச் சிரமப்படும் முதியவர்கள் ஆகியோருக்கு வீட்டில் இருக்கும் கட்டிலைத்தான் கொடுக்க வேண்டும். ஆறடி உயரமுள்ள ஒருவரை இரண்டு பேர் அமரும் சோபாவில் படுக்கச் சொல்வதைவிட, திண்டுகளைத் தரையில் வரிசையாகப் போட்டு, ஒரே விரிப்பால் இறுகச் சுற்றி, அங்கே படுக்கவிடுவது மேலானது. காலை மடக்கியே உறங்கிய உடம்பு காலையில் நிமிர மறுக்கும்.

இதை ஒட்டி, சோபா தயாரிப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள். விளம்பரங்களிலும் விலைச்சீட்டுகளிலும் சோபாவின் வெளிநீளம் மட்டுமே குறிக்கப்படுகிறது. 200 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கும் சோபாவின் இருபுறக் கைப்பிடிகளும் ஒவ்வொன்றும் 20 சென்டிமீட்டர் கனமாக இருந்தால், படுப்பதற்கு எஞ்சுவது 160 சென்டிமீட்டர்தான். வாங்குபவருக்கு இது வீட்டுக்கு வந்த பிறகே தெரியவருகிறது. கைப்பிடிகளுக்கு இடைப்பட்ட உள்நீளம், முதுகுத் திண்டுகளை எடுத்தபின் கிடைக்கும் அகலம் ஆகிய இரண்டு அளவுகளையும், கைக்குழந்தையோடு இதில் உறங்கக் கூடாது என்ற ஒரு வரி எச்சரிக்கையையும் ஒவ்வொரு சோபாவின் அடியிலும் தைத்திருக்கும் துணிச்சீட்டில் அச்சிடுவது அவர்களுக்கு எளிது. அதுவரை, சோபா வாங்கப் போகிறவர்கள் அளவுநாடாவை எடுத்துச் சென்று உள்நீளத்தைத் தாங்களே அளந்து பார்க்கட்டும். கடையிலேயே ஒரு முறை காலை நீட்டிப் படுத்துப் பார்ப்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்